மக்காச்சோளம் வாடுகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

அல்சூரில் வாடகை வீடு, தொட்டபள்ளாபுரம் பக்கம் ரெண்டு ஏக்கர் குத்தகை நிலம், வாரத்துக்கு ஒரு தடவை வயல். இதுதான் என் விவசாயம். ஆனேக்கல், ஹொஸ்கோட்டை, மாலூர், ஓசூர் என்று ஊரைச் சுற்றி நிலத்தை வைத்துக்கொண்டு சனிக்கிழமை விடிந்ததும் பைக்கை எடுக்கிற தமிழ் ஆட்கள் பெங்களூரில் என்னைப் போல நிறையப் பேர் உண்டு, நம் எல்லோருக்கும் ஒரே சங்கடம்தான்: செடி செவ்வாய்க்கிழமை வாட ஆரம்பித்தால் நமக்குச் சனிக்கிழமைதான் தெரியும். சில சமயம் அதற்குள் காரியம் முடிந்துவிடும். ரெண்டு போகம் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு, எதைப் பார்த்தால் என்ன அர்த்தம் என்று நோட்டில் எழுதி வைத்ததைத்தான் இங்கே விரித்துச் சொல்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு கணக்கு: விதைத்து எத்தனை நாள்? இது தெரியாமல் இலையைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு போட்டிருக்கிற கணக்கின்படி, செடி கேட்கிற தண்ணீரில் 10 சதவீதம் குறைந்தால், வளரும் பருவத்தில் விளைச்சலில் 4 சதவீதம்தான் அடிபடும். அதே 10 சதவீதம் பூக்கும் பருவத்தில் குறைந்தால் 15 சதவீதம் போய்விடும். மணி நிரம்பும்போது 5, முற்றுகிற நேரத்தில் வெறும் 2. ஆக, 25 நாள் செடி வாடினால் தலையில் கை வைக்க வேண்டாம், 55 நாள் செடி வாடினால் வேறு எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு மோட்டாரைப் பாருங்கள்.

இலை சுருட்டிக்கொண்டு வெங்காயத் தாள் மாதிரி நிற்கிறது

எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்? மதியம் ரெண்டு மணிக்கு என்றால் அது பெரிய சேதி இல்லை. வெயில் உச்சியில் வேர் இழுக்கிற தண்ணீரை விட இலை விடுகிற தண்ணீர் அதிகம், அதனால் செடி தானாக இலையைச் சுருட்டிச் செலவைக் குறைக்கிறது. சாயங்காலம் விரிந்துவிட்டால் தாக்குப்பிடிக்கிறது என்று அர்த்தம், ஆனால் பருவம் பூக்கிற பருவமா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்கே, பனி காயும் முன்பே சுருண்டு நின்றால் ராத்திரி முழுக்க ஓய்வு கிடைத்தும் செடி தேறவில்லை, மண்ணில் எடுக்க எதுவும் இல்லை என்று பொருள். அதனால்தான் இப்போது வெள்ளிக்கிழமை ராத்திரியே போய் மோட்டார் ரூமில் படுத்துக்கொள்கிறேன். பத்து மணிக்குப் போய்ச் சேருகிறவனுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

அடுத்து மண்வெட்டி. மேல் மண் காய்ந்திருக்கிறதா என்று காலால் தட்டிப் பார்ப்பது வேலைக்கு ஆகாது, ஒரு அடி தோண்டி அங்கே இருக்கிற மண்ணைக் கையில் எடுத்து இறுக்குங்கள். உருண்டை பிடித்து, தட்டினால் மெல்ல உடைந்தால் ஈரம் உண்டு. பிடிக்கவே பிடிக்காமல் விரல் இடுக்கில் உதிர்ந்தால் அது தண்ணீர்ப் பஞ்சம்தான்.

உருண்டை பிடிக்கிறது, ஆனாலும் இலை சுருள்கிறதா? அப்போது பழுது வேரில். என் முதல் போகத்தில் நடந்தது இதுதான். நிலத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்திருந்த ஆள், தினம் இருபது நிமிஷம் சொட்டுநீரைத் திறந்து மூடியிருக்கிறார், நானும் தினம் தண்ணீர் போகிறதே என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு செடியைப் பிடுங்கினேன். நாலு விரற்கடை ஆழத்திலேயே வேர் பாய் மாதிரி பின்னிக் கிடந்தது, அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. தினம் மேலே தண்ணீர் கிடைக்கும்போது வேர் எதற்குக் கீழே போகும்? மூன்று நாள் கரண்ட் கோளாறு வந்தது, அத்தனையும் படுத்துவிட்டது. அடுத்த போகத்திலிருந்து நாலைந்து நாளைக்கு ஒரு தடவை, ஒரு அடிக்குக் கீழே நனைகிற மாதிரி நின்று விடச் சொன்னேன். முளைத்து வேர் ஊன்றிய பிறகு முப்பது நாள் வரைக்கும் செடி கொஞ்சம் தாகத்தில் இருந்தாலும் பரவாயில்லை, வேர் ஆழமாக இறங்கும். அந்த வயதில் தண்ணீர் தேங்கி நிற்பதுதான் பெரிய ஆபத்து.

வயல் முழுக்க இல்லை, அங்கங்கே மட்டும் வாடுகிறது

மழைக்குறைவு என்றால் வயல் ஏறக்குறைய ஒரே சீராக வாடும். திட்டுத் திட்டாக வாடினால் வானத்தைக் குறை சொல்லாதீர்கள். சொட்டுநீர்க் குழாயின் கடைசி முனைக்குப் போய் அடைப்பைக் கழற்றிப் பாருங்கள், செம்மண் குழம்பாக வந்தால் பில்டரைக் கழுவிப் பல நாள் ஆகியிருக்கும். ஆயிரம் அடிக்குக் கீழேயிருந்து வருகிற போர் தண்ணீர் என்றால் உப்பு படிந்து துளை அடைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. வயலோரத்து நாலைந்து வரிசை மட்டும் குட்டையாக நிற்கிறதா, பக்கத்தில் நீலகிரித் தோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தைல மரம் என்று நம் ஊரில் சொல்வோமே, அதேதான். அதன் வேர் வரப்பைத் தாண்டி வரும். கர்நாடகத்தில் புதிதாக அதை நடக்கூடாது என்று 2017-இல் தடை போட்டார்கள், ஆனால் ஏற்கெனவே நிற்கிற தோப்பு நின்றுகொண்டுதான் இருக்கிறது. வரப்போரம் ஒரு பள்ளம் வெட்டி வேரை அறுத்துவிடலாம், இல்லாவிட்டால் அந்த நாலு வரிசையை மறந்துவிட வேண்டியதுதான்.

கீழ் இலை மஞ்சளாகிக் காய்கிறது

இதில்தான் நிறையப் பேர் யூரியா மூட்டையைத் தூக்குகிறார்கள். நுனியில் தொடங்கி நடு நரம்பு வழியாக ஆங்கில எழுத்து வி போல மஞ்சள் உள்ளே இறங்கினால் தழைச்சத்துக் குறை, அதாவது யூரியா கொடுக்கிற நைட்ரஜன் போதவில்லை. இலையின் ஓரம் மட்டும் கருகினால் சாம்பல்சத்துக் குறை, அதாவது பொட்டாஷ். இவை கீழ் இலையில் வரும். இளம் இலையின் அடிப்பாகத்தில் வெள்ளைப் பட்டை விழுந்தால் துத்தநாகக் குறை.

சிக்கல் என்னவென்றால், மண்ணில் சத்து இருந்தும் தண்ணீர் இல்லாவிட்டால் வேரால் அதை இழுக்க முடியாது, அப்போதும் இலையில் அதே வி தான் தெரியும். அதனால் முதலில் ஒரு அடி தோண்டும் சோதனை. மண் உதிர்ந்தால் உரத்தை மறந்துவிட்டுத் தண்ணீர் விடுங்கள், ஒரு வாரம் கழித்துப் புதிதாக வருகிற இலையைப் பார்த்து முடிவு செய்யலாம். காய்ந்த மண்ணில் யூரியாவைத் தூவினால் ஒரு பகுதி காற்றோடு போகும், மீதி செடிக்குச் சேராது. ஒரு தடவை நானும் செய்தேன், மூட்டைக் காசு போனதுதான் மிச்சம்.

ஆண் பூ வந்துவிட்டது, கதிரில் நூல் வரவில்லை

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் என் ரெண்டாவது போகம் போனது இங்கேதான்.

மக்காச்சோளத்தில் ஆண் பூ உச்சியில், பெண் பூ இடுப்பில். கதிர் நுனியில் குஞ்சம் மாதிரி தொங்குகிறதே அந்தப் பட்டு நூல், அதில் ஒவ்வொரு நூலும் உள்ளே ஒரே ஒரு மணிக்குப் போகிறது. ஒரு நூலில் மகரந்தம் விழுந்தால் ஒரு மணி, விழாவிட்டால் அந்த இடம் காலி. ஒரு செடியின் ஆண் பூ ஏறக்குறைய ஒரு வாரம்தான் மகரந்தத் தூள் கொட்டும், அதுவும் பெரும்பாலும் காலை நேரத்தில். தண்ணீர் போதுமான அளவு இருந்தால் ரெண்டும் ஒன்றையொன்று ஒட்டியே வரும், தூள் விழுந்த ஓரிரு நாளில் நூலும் வெளியே வந்துவிடும். தண்ணீர் குறைந்தால் ஆண் பூ தன் பாட்டுக்கு நேரத்துக்கு வந்துவிடுகிறது, நூல்தான் பின்தங்குகிறது, ஏனென்றால் நூல் நீளுவதே முழுக்கத் தண்ணீரின் பலத்தில். நல்ல ஈரத்தில் ஒரு நாளைக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் வளரும் பொருள் அது. நூல் வெளியே எட்டிப் பார்க்கும்போது தூள் கொட்டி முடிந்திருக்கும். மாப்பிள்ளை வந்து காத்திருந்து திரும்பிப் போன பிறகு பெண் மணவறைக்கு வருகிற கதை. மெக்சிகோவில் இருக்கிற பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி மையத்தில் வறட்சி தாங்கும் ரகம் தேர்ந்தெடுக்கும்போது, இந்த ரெண்டுக்கும் நடுவே எத்தனை நாள் இடைவெளி என்பதைத்தான் முக்கியமான அளவுகோலாக வைத்தார்கள். உங்கள் வயலிலும் அதை அளக்கலாம்: பத்துச் செடியில் துணிக்கயிறு கட்டி, ஆண் பூ தூள் விட்ட தேதியையும் நூல் வந்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். நாலு நாளுக்கு மேல் போகிறது என்றால் கதிரில் ஓட்டை விழப்போகிறது.

இந்தச் சமயத்தில் செடி எவ்வளவு குடிக்கும்? நாளொன்றுக்கு வயல் முழுக்க 6 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் என்று வையுங்கள். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 4,000 லிட்டர், ஆக ஒரு ஏக்கருக்கு ஒரு நாளைக்கு 24,000 லிட்டர். 2024 கோடையில் டேங்கருக்குப் போன் போட்டே கை வலித்தவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், தினம் ரெண்டு பெரிய டேங்கர், ஒரு ஏக்கருக்கு மட்டும். நம் பக்கத்துச் செம்மண் அதிகம் பிடித்து வைக்காது, ரெண்டு அடி வேருக்கு நன்றாக நனைந்த மண்ணிலிருந்து செடி சிரமப்படாமல் எடுக்கக்கூடியது நாலைந்து நாளைக்குத்தான் வரும். கரிசல் மண்ணாக இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்.

உங்கள் போர் இதைக் கொடுக்குமா என்று தெரிந்துகொள்ள ஒரு 200 லிட்டர் டிரம் போதும். என் போரில் ஜூலையில் டிரம் ரெண்டு நிமிஷத்தில் நிறைந்தது. மணிக்கு 6,000 லிட்டர். மும்முனை மின்சாரம் ஏழு மணி நேரம், ஆக 42,000 லிட்டர், ரெண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் இழுபறி, நடுவே ஒரு மழை வந்தால் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். ஆகஸ்ட் கடைசியில் அதே டிரம் நிறைய மூன்றரை நிமிஷம் ஆனது. அதாவது நாளைக்கு 24,000, ஒரு ஏக்கருக்குத்தான் சரியாக வரும். ரெண்டு ஏக்கரும் ஒரே நாளில் விதைத்தது, ரெண்டும் ஒரே வாரத்தில் பூத்து நிற்கிறது. நான் என்ன செய்தேன்? ரெண்டு பக்கமும் பிள்ளை மாதிரி என்று பாதிப் பாதியாகப் பிரித்துவிட்டேன். பக்கத்து நிலத்து அஜ்ஜா (கன்னடத்தில் தாத்தா) வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "ஸ்வாமி, ஒந்து கடே நீரு கொடி, எரடு கடே கொட்ரே எரடூ ஹோகுத்தே" என்றார். ஒரு பக்கம் மட்டும் விடு, ரெண்டு பக்கமும் விட்டால் ரெண்டும் போய்விடும். கேட்கவில்லை. மேலே சொன்ன கணக்கையே போட்டுப் பாருங்கள்: பூக்கும்போது பாதித் தண்ணீர் என்றால் விளைச்சலில் முக்கால்வாசி போகும், அதுவும் ரெண்டு ஏக்கரிலும். ஒரு ஏக்கரை மாட்டுத் தீவனத்துக்கு என்று கைகழுவிவிட்டு இன்னொன்றைக் காப்பாற்றியிருந்தால் அந்த ஒரு ஏக்கராவது முழுசாக வந்திருக்கும்.

இந்த நேரத்தில் கடைக்காரர் ஒரு பாட்டிலை நீட்டுவார். வறட்சிக்கு இலைவழி தெளிக்க இளஞ்சிவப்பு நிற மெத்தைலோபாக்டீரியா (இலையில் வாழ்கிற நல்ல நுண்ணுயிர்), ஒரு சதவீதப் பொட்டாஷ் கரைசல் இரண்டையும் வேளாண் பல்கலைக்கழகத்தினரே சொல்கிறார்கள், வாட்டத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட உதவும். தெளிப்பது தண்ணீருக்கு மாற்று என்று நினைத்துக்கொண்டு மோட்டாரை நிறுத்தாதீர்கள், அவ்வளவுதான்.

நூல் வந்தது, மணி பிடித்திருக்கிறதா என்று அறுவடைக்கு முன்பே தெரிய வேண்டும்

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது, செய்து பார்த்தால் விடவே மாட்டீர்கள். நூல் வந்து ஒரு வாரம் கழித்து ஒரு கதிரை ஒடித்து, அடிப்பக்கத்திலிருந்து நுனி வரை மேல்தோலை மட்டும் கத்தியால் நீளவாட்டில் கீறுங்கள், நூலை அறுத்துவிடாமல். தோலை ஒவ்வொன்றாக மெதுவாக விலக்கிவிட்டு, கதிரைத் தலைகீழாகப் பிடித்து லேசாக உதறுங்கள். கரு பிடித்த மணியின் நூல் ரெண்டு மூன்று நாளிலேயே வேரற்றுப்போகும், அதனால் உதறியதும் கற்றையாகக் கழன்று காலடியில் விழும். பிடிக்காத மணியின் நூல் மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த வருஷம் நான் உதறியபோது அடிப்பகுதி நூல்தான் விழுந்தது, மேல் பாதி குழந்தையின் தலைமுடி மாதிரி ஈரமாக, வெளிர் பச்சையில் அப்படியே நின்றது. அப்போதே தெரிந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தாலும் அடையாளம் உண்டு, மகரந்தம் கிடைத்த நூல் பழுப்பாகிச் சுருங்கும், கிடைக்காதது நீண்டுகொண்டே போய்த் தாடி மாதிரி தொங்கும். நீளமான குஞ்சத்தைப் பார்த்து ஆஹா என்று போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பியவன் நான்.

நூலே கத்தரித்தது போல் குட்டையாக இருந்தால் அது வறட்சி இல்லை, பூச்சி. குருத்தில் ஈர மரத்தூள் மாதிரி எச்சம் கிடந்தால் படைப்புழு. இந்தியாவில் அது முதன்முதலாகத் தென்பட்டது 2018-இல் இதே கர்நாடகத்தில்தான்.

கதிர் நுனி சொட்டையாக இருக்கிறது, நடுவிலும் ஓட்டை

நுனி மட்டும் காலி என்றால் உற்றுப் பாருங்கள். நூல் கதிரின் அடியிலிருந்துதான் முதலில் வரும், நுனி நூல் கடைசி. நுனியில் மணியே உருவாகாமல் தட்டையாகக் கிடந்தால் தூள் கிடைக்கவில்லை. சின்னதாகச் சப்பிப்போன வெள்ளை மணி இருந்தால் கரு பிடித்து, பிறகு உணவு போதாமல் செடியே கைவிட்டிருக்கிறது, அதாவது பூத்து முடிந்த ரெண்டு மூன்று வாரத்தில் தண்ணீர் குறைந்திருக்கிறது. முதலாவதற்கு அடுத்த தடவை பூக்கும் முன்பே நீர் விட வேண்டும், ரெண்டாவதற்குப் பூத்த பிறகும் விட வேண்டும். அங்கங்கே சிதறலாக ஓட்டை விழுந்தால் நூலும் தூளும் சரியாகச் சந்திக்கவில்லை. இந்தப் பருவத்தில் போன மணியைப் பிறகு எவ்வளவு தண்ணீர் கொட்டினாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

எவ்வளவு போச்சு என்று பார்க்க: கதிர் எண்ணிக்கை, கதிருக்கு மணி, மணியின் எடை, இந்த மூன்றையும் பெருக்குங்கள். ஏக்கருக்கு 24,000 கதிர், 450 மணி, ஆயிரம் மணி 280 கிராம் என்றால் 30 குவிண்டால். மணி 300 ஆகி, எடையும் 220 கிராமாக இறங்கினால் 16 குவிண்டால்கூட வராது.

மணி முழுக்க இருக்கிறது, ஆனால் எடை இல்லை

இது பின்பருவ வறட்சி. மேல் இலைகூடச் சீக்கிரம் காய்ந்து, கதிர் தொங்கிவிடும். மணியின் அடியில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், கருப்புப் படலம் தெரிந்தால் மணி மூடிவிட்டது, இனி தண்ணீர் விடுவது வீண். தெரியவில்லை, மணியில் இன்னும் பால் இருக்கிறது என்றால் ஒரு நனைப்பு கொடுத்தால் எடை ஏறும்.

செடி கீழ்க்கணுவில் மடங்கி விழுகிறதா? தண்டைப் பிளந்து பாருங்கள். உள்ளே நார் நாராகி, மேலே கரித்தூள் தெளித்த மாதிரி புள்ளி இருந்தால் கரித்தண்டு அழுகல். பூத்த பிறகு தண்ணீர் இல்லாமல் சூட்டில் தவித்த வயலுக்கு வருகிற பூஞ்சை. மருந்து தேடாதீர்கள், சீக்கிரம் அறுத்துவிடுங்கள்.

இனி தேறாது, மாட்டுக்காவது போடலாமா

போடலாம், ஆனால் அறுத்த கையோடு வேண்டாம். வறட்சியில் நின்ற செடியின் அடித்தண்டில் நைட்ரேட் சேர்ந்துவிடும், யூரியா நிறையப் போட்ட வயலில் இன்னும் அதிகம். அதைப் பச்சையாக வயிறு முட்டத் தின்ற மாடு மூச்சிரைத்து விழலாம், ரத்தமே பழுப்பாகிவிடும், உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நிலை. வறட்சி முடிந்து மழை பெய்த மறுநாள் அறுப்பது எல்லாவற்றையும் விட மோசம், ஒரு வாரமாவது பொறுங்கள். தரையிலிருந்து ஒரு அடி விட்டு அறுங்கள், ஊறுகாய்ப் புல்லாக, அதாவது காற்றுப் புகாமல் புளிக்கப் போட்டு மூன்று நாலு வாரம் மூடி வைத்தால் நைட்ரேட் கணிசமாக இறங்கும், அதையும் வேறு தீவனத்தோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். சோளப் பயிரில் வருகிற சயனைடு நஞ்சையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள், அது வேறு, இது வேறு.

கதிரில் மஞ்சள் பச்சைத் தூள் பூஞ்சை தெரிந்தால் அதை மாட்டுக்கும் போடாதீர்கள், கோழிக்கும் போடாதீர்கள். வறட்சியில் வருகிற அப்ளாடாக்சின் நஞ்சு அதில் இருக்கலாம், பால் வழியாக நம் வீட்டுக் குழந்தைக்கே வந்து சேரும். நல்ல கதிரையும் 12 சதவீத ஈரத்துக்குக் காயவைத்த பிறகே மூட்டை கட்டுங்கள்.

இந்த வருஷம் ரெண்டு ஏக்கரையும் ஒரே நாளில் விதைக்கவில்லை. பெங்களூர் பக்கம் நம்பி இருக்கக்கூடிய மழை செப்டம்பரில்தான், அதனால் ஒரு ஏக்கரை ஜூலை முதல் வாரத்தில் போட்டேன், அடுத்ததைப் பதினெட்டு நாள் கழித்து. முதல் ஏக்கர் பூத்து நூல் கருகுகிற நேரத்தில்தான் ரெண்டாவதுக்குத் தாகம் எடுக்கும். டிரம் மோட்டார் ரூம் வாசலிலேயே நிற்கிறது, சனிக்கிழமை தோறும் எழுந்ததும் முதலில் அதை நிரப்பி நேரம் பார்க்கிறேன். போன வாரம் ரெண்டு நிமிஷம் இருபது வினாடி. அஜ்ஜா எட்டிப் பார்த்துவிட்டு எத்தனை என்று கேட்டார், சொன்னேன், தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.